அக்கா முகம் காட்டிய படம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு இந்தக் கிழவி ஏன் இப்படிக் கத்துகிறாள் என்று யாரும் கேட்கக் கூடாது. தமிழ்ப்பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். ஈப்போவில் தனியாக இருக்கிறேன். பள்ளியில் பிள்ளைகளுக்கு மாம்பழமும் மலேசியக் கொடியும் வரையக் கற்றுக்கொடுத்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, துணியில்லாத பெண் உடம்பை வரைந்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை எனக்கென்று வேறு எதையும் நான் வரைந்ததில்லை.

ஏன் என்று கேட்காத ஆள் இல்லை. வேறு எதுவும் வரையத் தெரியாதா டீச்சர், பூ இருக்கு, மயில் இருக்கு என்பார்கள். மயிலை நான் எங்கே பார்த்தேன்? ஆயர் தாவார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். பார்த்ததெல்லாம் பொம்பளைகளை. பால் கறை பிடித்த சட்டை, அதற்கு மேல் கைலி, தலையில் துண்டு. அப்படிப் பார்த்தால் அவள் ரப்பர் பாலுக்காக மரம் வெட்டுகிற கூலிக்காரி, பாவம், அவ்வளவுதான். அந்தத் துணியை எடுத்துவிட்டால்தான் அவளுடைய தோள் தெரியும், முதுகு தெரியும், பிள்ளை பெற்ற வயிறு தெரியும். அதை யாருமே நின்று பார்க்கவில்லை. அவள் புருஷன்கூட இருட்டில்தான் பார்த்தான். எனக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வெறி. வெறி என்றுதான் சொல்ல வேண்டும், அதற்கு மேல் நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் கண்ணாடி முன்னால் நின்று என்னையே வரைந்தேன். எலும்பும் தோலுமாக இருந்த உடம்பு அது, இரண்டு மாதத்தில் அலுத்துவிட்டது. அப்புறம்தான் அக்காவிடம் கேட்டேன்.

அக்கா எனக்கு மூத்தவள். நான் படிக்க வேண்டும் என்பதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மரம் வெட்டப் போனவள். அவளுக்கு அப்போது கல்யாணமாகிவிட்டது, தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அத்தான் பந்து விளையாட்டுப் பார்க்கப் போன நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னேன்.

"உனக்கு என்னாடி, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்தக் கருவாட்டைப் போயி வரையணுமா லா? வேற ஆள் கெடைக்கலையா?"

நான் அசையாமல் நின்றேன். அவள் சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்: "நான் என்னா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா உக்காந்திருக்கணும்."

"ஆண்டவனே. என்னை சும்மா உக்காரச் சொன்ன ஆளு நீ ஒருத்திதான்," என்றாள். கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து கைலியை அவிழ்த்தாள். அவிழ்த்த கையோடு ஒரு கட்டளையும் போட்டாள்: "மூஞ்சிய மட்டும் போடாத. யாராச்சும் பாத்தா நாளைக்குப் பெரட்டுல நிக்க முடியாது."

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் தோட்டமே கூடி நிற்கும். அவள் பயந்தது நியாயம்தான். நானும் சரி என்றேன். அதனால் அதன்பிறகு எத்தனையோ வருடம் நான் வரைந்த படங்களில் அக்கா முதுகைக் காட்டி இருப்பாள், அல்லது தலையைக் குனிந்திருப்பாள், அல்லது கழுத்தோடு படம் முடிந்திருக்கும். வலது தோள் இடது தோளைவிட இறங்கி இருக்கும். இரண்டு பக்கமும் பால்வாளி தொங்க காண்டாக் கம்பு சுமந்த தோள் அது. கம்பு உட்கார்கிற இடத்தில் தோல் தடித்துக் காய்த்துப்போயிருக்கும். தொப்புளுக்குக் கீழே நெட்டுக்குத்தாக ஒரு தழும்பு. மூன்று பெற்று ஒன்றுதான் தங்கியது, அந்த ஒன்றையும் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். அந்தத் தழும்பை வரைய எனக்குப் பல வருடம் பிடித்தது. கோடு மாதிரி போட்டால் பொய்யாக இருக்கும், அது உள்ளே இழுத்துக்கொண்டு போகிற மடிப்பு.

கடையில் தோல் நிறம் என்று எழுதி ஒரு டியூப் விற்பான். பிழிந்தால் வெந்த இறால் மாதிரி ஒரு ரோஸ் வரும். யார் தோல் அது? எங்கள் கறுப்புக்கு டியூப் கிடையாது. காவியும் கருநீலமும் குழைத்து, வெளிச்சம் படுகிற இடத்தில் துளி பச்சை சேர்க்க வேண்டும். பச்சையா என்று சிரிக்கிறவர்கள் மத்தியான வெயிலில் தங்கள் தோளைப் பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும். தைப்பிங்கில் வேலை பார்த்த காலத்தில் மழை என் உயிரை எடுத்தது. எண்ணெய்ச் சாயம் லேசில் காயாது. சுவரோரம் சாய்த்து வைத்தால் அக்கா முதுகில் பூசணம் பூத்துவிடும். துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே இருப்பேன்.

இந்த வெறிக்கு நான் கொடுத்த விலையைப் பற்றிப் புலம்பப் போவதில்லை. பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மாள் தெரியாமல் என் அறைக் கதவைத் திறந்துவிட்டாள். டீத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுக் குடும்பமே கிளம்பிவிட்டது. போகட்டும். ஈப்போவில் ஒரு காப்பிக்கடை மாடியில் உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து படம் வைத்தபோது என் படம் ஒன்றையும் கேட்டார்கள். அக்காவின் முதுகு. கழிவறைக்குப் போகிற மூலையில் மாட்டினார்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். மறுநாளே போன் வந்தது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று. நம் இனத்துப் பொம்பளைகளைக் கேவலப்படுத்துகிற படம் என்று நம் ஆள் ஒருவரே புகார் சொன்னாராம். எனக்கு வந்ததே கோபம்! கோயில் கோபுரத்தில் நிற்கிற பொம்மைகளுக்கு மேலே என்ன துணி இருந்தது? இப்போது அதற்கும் பெயிண்டிலேயே ரவிக்கை போட்டுவிட்டார்கள், அது வேறு விஷயம்.

தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். லயத்தை இடித்தார்கள். அக்கா குடும்பம் லகாட்டில் ஒரு தாமான் குடியிருப்பில் சின்ன வீட்டுக்கு வந்தது. அத்தான் நெஞ்சு வலியில் போனார். அக்கா அன்றைக்கு அழித்த பொட்டை அதன்பிறகு வைக்கவில்லை. தொழிற்சாலையில் தரை கூட்டப் போனாள். மகன் பேரங்காடிக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் செய்துகொண்டு, அம்மாவைத் தன்னோடுதான் வைத்திருந்தான். நல்ல பிள்ளை. இதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவன் நல்ல பிள்ளை.

அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு மறைத்துவைத்தாள். தெரியவந்தபோது ஒரு பக்கத்தை எடுக்க வேண்டியதாகிவிட்டது. மருந்து ஏற்றியதில் முடியும் கொட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒருநாள் நான் கஞ்சி கொண்டுபோனேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். கஞ்சியைத் தள்ளிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எப்ப வரையப் போற?" என்றாள்.

"என்னத்தக்கா?"

"என்னைத்தான். இப்ப வரை. மூஞ்சியோட வரை."

கஞ்சிக் கிண்ணத்தை மூடிவைத்தேன். அவளே சொன்னாள்: "ஆஸ்பத்திரில எத்தன பேரு பாத்தாங்க தெரியுமா? டாக்டரு, நர்ஸு, படிக்கிற புள்ளைங்க, எல்லாரும் வந்து பாத்தாங்க. அறுத்த எடத்தத்தான் பாத்தாங்க. ஒருத்தராச்சும் மூஞ்சிய பாக்கல. அது யாரோட ஒடம்புன்னே யாருக்கும் தெரியல லா. நீ ரெண்டையும் ஒண்ணா போடு."

"போட்டு?"

"உன் வீட்டு ஹால்ல மாட்டு. முன்னால."

"வாரவங்க பாப்பாங்களேக்கா."

"பாக்கட்டும் லா. எனக்கு இனிமே எந்தப் பெரட்டு?"

என் வாழ்நாள் முழுக்க நான் காத்திருந்த வார்த்தை அது. அவள் சாகப்போகிறாள் என்பதால் அது எனக்குக் கிடைத்தது. சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள். நான் சந்தோஷப்பட்டேன்.

அவள் வீட்டுப் பின்னறையிலேயே வரைந்தேன். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, நேராக என்னைப் பார்த்து. மொட்டைத் தலை. ஒரு பக்கம் மார்பு, மறுபக்கம் தையல் போட்ட வரி. இறங்கிய தோள். வயிற்றுத் தழும்பு. எல்லாவற்றுக்கும் மேலே, அவள் முகம். இத்தனை வருடம் அந்த உடம்பை வரைந்த எனக்கு அந்த முகம் புதிதாக இருந்தது. கீழ் உதட்டை லேசாக உள்ளே கடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்குகிற மாதிரி ஒரு பார்வை. அதைத் தாளில் தனியாகப் போட்டுப் பார்க்கவில்லை, நேரே கேன்வஸிலேயே போட்டேன். போனில் படம் பிடிக்கவும் விடமாட்டாள். "அது எங்கெங்க போயி நிக்குமோ," என்பாள். மகனுக்குத் தெரியும் நான் என்னவோ வரைகிறேன் என்று. பின்னறைக்குள் வரமாட்டான்.

படம் முடிந்தது. நாற்காலியை விட்டு எழுந்துவந்து ரொம்ப நேரம் பார்த்தாள். "நான்தான்," என்றாள். சாயம் ஈரமாக இருந்ததால் அங்கேயே சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்து, மேலே அவளுடைய பழைய கைலி ஒன்றைப் போர்த்தினேன். காய்ந்ததும் எடுத்துப்போவதாக ஏற்பாடு. காய்வதற்குள் அவள் போய்விட்டாள்.

குளிப்பாட்டும்போது சுற்றிலும் சேலையைப் பிடித்துக்கொண்ட பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான்தான் தண்ணீர் ஊற்றினேன். எனக்குத் தெரியாத இடம் அந்த உடம்பில் ஒன்றும் இல்லை. பெற்ற தாயைக்கூட நான் அப்படி அறிந்ததில்லை. வாய்விட்டு அழுதேன்.

சடங்கெல்லாம் முடிந்து கிளம்பும்போது படத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். அத்தான் வகையில் ஒரு பெரியம்மா இருந்தாள். அவள் சொன்னாள்: "பதினாறு முடியட்டும். துக்க வீட்டுச் சாமான அதுக்கு முன்னால வெளிய கொண்டுபோகக் கூடாது." கல்யாணம், ஊர், மானம் என்று எல்லாக் கட்டையும் மீறியவள் நான். அக்கா காரியத்தில் ஒரு குறையும் வரக் கூடாது என்று அந்த ஒரு கட்டுக்கு அடங்கி, கையை வீசிக்கொண்டு வந்தேன். துக்க வீட்டில் வாரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது, அதையும் சொல்லாமல்தான் வந்தேன். அந்தப் பெரியம்மாவை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

பதினாறாம் நாள் நான் போனபோது மத்தியானம். ஆம்பளைகள் காலையிலேயே ஆற்றங்கரைக்குப் போய்க் காரியம் முடித்துத் திரும்பியிருந்தார்கள். ஹாலில் படையல் போட்டிருந்தது. வாழையிலையில் சோறு, கறி, அக்காவுக்குப் பிடித்த வாழைப்பழ பீசாங் கோரேங், ஒரு கோப்பை கோப்பி, பக்கத்தில் புதுச் சேலை. நடுவில் மாலை போட்டு ஒரு பெரிய படம்.

ஊதா நிறப் பட்டுச்சேலை. கழுத்து நிறையச் சங்கிலி. அதில் ஒரு தாலி. கொழுகொழு என்று வெளுத்த கை, யாருடையதோ. கொண்டையில் மல்லிகை. நெற்றியில் காசு அகலத்துக்குப் பொட்டு. இதற்கெல்லாம் நடுவில், வெளுக்க அடித்து வழவழவென்று தேய்த்து, அக்கா முகம். போட்டோ கடையில் செத்துப்போனவர்கள் முகத்தை ஒரு தயார் உடம்பில் ஒட்டிக் கொடுப்பார்களே, அந்தப் படம். ஆம்பளை என்றால் கோட்டு, பொம்பளை என்றால் பட்டு. ஆனால் அந்தக் கடித்த உதடு. அந்தப் பார்வை. அது என் தூரிகையில் வந்தது. உலகத்தில் வேறு எந்தப் போட்டோவிலும் கிடையாது.

வந்தவர்கள் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "அப்பிடியே இருக்காங்க லா."

அக்கா மகன் என் பக்கத்தில் வந்து நின்றான். மொட்டை அடித்திருந்தான். "நல்லாருக்குல்ல சின்னம்மா?" என்றான். அவன் கண்ணில் தண்ணீர்.

"இந்த மூஞ்சி எங்கேருந்துடா வந்துச்சு?"

"நீங்க போட்ட படத்துலேருந்துதான். ஐசி கார்டுல இருந்த படத்தைப் பெரிசாக்கிப் பாத்தோம், போலீஸ் தேடுற ஆளு மாதிரி இருந்துச்சு. ஒங்க படத்துலதான் அம்மா சிரிக்கப்போற மாதிரியே இருக்காங்க. ஆனா அத எப்பிடிக் கடைக்குத் தூக்கிட்டுப் போறது? கடையில பையனுங்க நிப்பானுங்க. பெத்த தாயி சின்னம்மா. அதான் கண்ண மூடிட்டு மூஞ்சிய மட்டும்..."

கழுத்தோடு அறுத்திருக்கிறான். கிடங்கில் அட்டைப்பெட்டி கிழிக்கிற கத்தியால். அம்மா மானத்தைக் காப்பாற்ற.

"மத்தது எங்க?" என்றேன்.

"பின்னால இருக்கு. அம்மா பாயி, தலகாணி, துணியோட சேத்துக் கட்டிவச்சிருக்கேன். சாயங்காலம் எரிச்சிரணும்."

"அறுத்து எடுத்தியே, அந்தத் துண்டு?"

அவன் மாலை போட்ட படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "காலையில ஆத்துல விட்டுட்டேன் சின்னம்மா, பிண்டத்தோட. குப்பையில போட மனசு வரல. அம்மா மூஞ்சியில்ல?"

கையை ஓங்கிவிட்டேன். அத்தனை பேர் முன்னால். அவன் நகரவில்லை, நிமிர்ந்து பார்த்தான். அந்த மொட்டைத் தலை, அந்தக் கண், கீழ் உதடு உள்ளே மடிந்து நடுங்குகிறது. சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து என் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. கை தானாக இறங்கிவிட்டது. பின்னால் போய் மூட்டையைப் பிரித்து, சுருட்டியிருந்த கேன்வஸை எடுத்தேன். எரிக்க வேண்டிய சாமானை எடுக்கிறாளே என்று அந்தப் பெரியம்மா கத்தினாள். "வாய மூடு," என்றேன். சாப்பிடாமல், யாரிடமும் வாரேன் என்று சொல்லாமல் கிளம்பினேன்.

வீட்டில் அதைச் சட்டத்தில் இழுத்து அடித்தேன். தலை இருந்த இடத்துக்குப் பின்னால் புதுத் துணி வைத்து ஒட்டினேன். முகத்தை மறுபடி வரைந்துவிடலாம் என்று நினைத்தேன். எனக்குத் தெரியாத முகமா? உட்கார்ந்தால் வரவில்லை. கண்ணை மூடினால் பொட்டு வருகிறது. அழித்துவிட்டுப் போட்டால் மல்லிகை வருகிறது, அந்த வழவழப்பு வருகிறது. கடைக்காரன் செய்த அக்காதான் வருகிறாள், என் அக்கா வரமாட்டேன் என்கிறாள். மாதக்கணக்கில் சுரண்டுவதும் பூசுவதுமாக இருந்தேன். கடைசியில் அந்த இடத்தை வெறும் துணியாகவே விட்டு, சொன்ன சொல்லுக்காக ஹாலில் மாட்டினேன். மூஞ்சி இல்லாத இன்னொரு படம். முதல்நாள் எங்கே ஆரம்பித்தேனோ அங்கேயே வந்து நிற்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். பழம் வாங்கிக்கொண்டு, சின்னம்மா எப்படி இருக்கிறாள் என்று பார்க்க. ஹாலுக்குள் வந்ததும் படத்தைப் பார்த்துவிட்டான். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். கோப்பி கலக்கிக் கொடுத்தேன். முடி வளர்ந்துவிட்டிருந்தது. ஆனாலும் அந்த உதடு அப்படியே இருந்தது.

"தம்பி, ஒரு ஒதவி செய்யி," என்றேன். "கொஞ்ச நேரம் சும்மா உக்காரு. உன் மூஞ்சிய பாத்தா எனக்கு அவ மூஞ்சி வந்துரும். அப்பிடியே வச்சிருக்க நீ. அந்த எடத்துல போட்டுர்றேன்."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னான்: "வேணாம் சின்னம்மா. இப்பிடியே இருக்கட்டும். தலை இல்லாதது ஒருவகையில நல்லதாப் போச்சு. வாரவங்களுக்கு யாருன்னு தெரியாதுல்ல?"

"யாருக்கும் தெரியக் கூடாதா?"

"எதுக்குத் தெரியணும்?"

கோபம் எனக்கு எங்கிருந்துதான் வருமோ. அவன் தோளைப் பிடித்து அப்படியே திருப்பினேன், படத்துக்கு நேராக. "அவதான்டா தெரியணும்னு சொன்னா! மூஞ்சியும் ஒடம்பும் ஒண்ணா இருக்கணும்னு உங்கம்மாதான் கேட்டா. பாரு. அந்தத் தழும்பப் பாரு. நீ வெளிய வந்த எடம்டா அது."

பார்த்தான். ஒரே ஒரு தடவை, வயிற்றில் அந்த மடிப்பைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. கீழ் உதடு உள்ளே போனது. அக்கா முகம், அச்சு அசல், என் கைக்கெட்டும் தூரத்தில். எழுந்துவிட்டான். வாசலில் போய்ச் செருப்பை மாட்டினான், கேட்டைத் திறந்தான், காடியில் ஏறிக் கிளப்பினான். வாரேன் சின்னம்மா என்று சொல்லவில்லை.